சி.ஏ. தேர்வும் எழுதாத கையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சி.ஏ. எனப்படும் பட்டயக் கணக்காளர் தேர்வின் முடிவு வெளியாகும் மறுநாள் உங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே மாதிரியான செய்திதான் வருகிறது. அகில இந்திய அளவில் இடம் பிடித்தவரின் படம், லட்டு ஊட்டும் பெற்றோர், "தினமும் 14 மணி நேரம் படித்தேன்" என்று ஒரு பேட்டி. அவர்கள் சாதனையில் குறை காண எதுவுமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் பிளஸ் டூ பிள்ளைக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. சி.ஏ.வின் முதல் நிலையான ஃபவுண்டேஷன் தேர்வை 2025 மே மாதம் எழுதியவர்கள் 82,662 பேர். தேறியவர்கள் 12,474 பேர். நூற்றுக்குப் பதினைந்து. மீதி 70 ஆயிரத்துச் சொச்சம் பேரும் புத்தகத்தைத் திறக்காதவர்களா என்ன? சி.ஏ. மாணவர்களுக்குப் பாடம் எடுத்து, மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்திப் பழகிய எங்களுக்குத் தெரிந்தவரை, பெரும்பாலோருக்குப் பாடம் தெரிந்தே இருக்கிறது. அது தாளில் இறங்குவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் மதிப்பெண் கணக்கு. இது புரியாமலே இரண்டு மூன்று அட்டெம்ப்ட் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பேப்பரிலும் குறைந்தது 40, மொத்தத்தில் 50 சதவீதம். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் தேர்ச்சி. ஃபவுண்டேஷனில் நான்கு பேப்பரிலும் 45 வாங்கியவர் எதிலும் தோற்கவில்லை, ஆனால் மொத்தம் 180. 200 இல்லாததால் தோல்வி. ஆக, எல்லாவற்றிலும் "பார்டரில்" நிற்கும் படிப்பு இந்தத் தேர்வுக்கு ஆகாது. ஏதாவது ஒரு பேப்பராவது 60, 65 என்று மேலே போய் மற்றதைத் தூக்கிவிட வேண்டும். அது எந்தப் பேப்பர் என்பதை மாணவர் முதல் மாதத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் நிலையான இன்டர்மீடியட்டில் மூன்று மூன்று பேப்பராக இரண்டு குரூப். தனித்தனியாக எழுதலாமா, சேர்த்து எழுதலாமா என்று வீட்டில் பெரிய விவாதமே நடக்கும். ஓர் உதாரணத்தைப் பாருங்கள். முதல் குரூப்பில் 44, 48, 45; கூட்டினால் 137. இரண்டாவதில் 52, 49, 63, கூட்டினால் 164. முதல் குரூப்பை மட்டும் எழுதியிருந்தால் 150 இல்லாததால் தோல்வி. இரண்டையும் ஒரே தேர்வில் எழுதியிருந்தால் மொத்தம் 301, எல்லாவற்றிலும் 40-க்கு மேல். இரண்டு குரூப்பும் பாஸ். ஒரு குரூப்பின் உபரி மற்றதின் குறையை அடைத்துவிடுகிறது. ஆனால் அந்த 44 வெறும் 39 ஆகியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. இரண்டாவது குரூப் மட்டும் தன் 164-ஐ வைத்துத் தேறும். எனவே ஆறு பேப்பரிலும் 40 உறுதி என்ற நிலை இருந்தால் சேர்த்து எழுதுவது லாபம். ஆறில் இரண்டு பேப்பரைத் தொடக்கூட நேரமில்லை என்றால் "எழுதிப் பார்ப்போமே" என்று எழுதுவது வீண். நன்றாக வரக்கூடிய மூன்றின் நேரத்தையும் அது தின்றுவிடும்.

தோற்ற குரூப்பில் ஒரு பேப்பரில் 60 வாங்கியிருந்தால் அதற்கு எக்ஸம்ப்ஷன், அதாவது அதை மறுபடி எழுதாமலிருக்க விலக்கு உண்டு. அடுத்து வரும் மூன்று தேர்வுகளுக்குச் செல்லும். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடந்த காலத்தில் மூன்று தேர்வு என்பது ஒன்றரை ஆண்டு. இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என மூன்று முறை நடப்பதால் அதே மூன்று தேர்வு ஓர் ஆண்டில் முடிந்துவிடுகிறது. "எக்ஸம்ப்ஷன் கையில் இருக்கிறது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு தேர்வை விட்டவர்கள் தவிப்பதற்கு இதுதான் காரணம். மூன்றும் கடந்த பிறகு அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் மீதமுள்ள ஒவ்வொரு பேப்பரிலும் 40 அல்ல, 50 வாங்க வேண்டும்.

பதிவுத் தேதி இன்னொரு பொறி. ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்த பின் 4 மாதம், இன்டருக்கு 8 மாதம் படிப்புக் காலம் கழிய வேண்டும். மே தேர்வுக்கு ஃபவுண்டேஷன் மாணவர் ஜனவரி 1-க்குள் பதிந்திருக்க வேண்டும். பிளஸ் டூ பொதுத்தேர்வு முடியட்டும் என்று ஏப்ரல் வரை காத்திருந்தால் செப்டம்பருக்குத்தான் வாய்ப்பு. பட்டம் முடித்தவர்கள் ஃபவுண்டேஷன் இல்லாமலே இன்டருக்கு நேராக வரலாம். வணிகவியல் பட்டத்துக்கு 55 சதவீதம், மற்றவற்றுக்கு 60.

இனி எழுத்து விஷயம். இன்றைக்குப் பெரும்பாலான மாணவர்கள் வீடியோ வகுப்பில் படிக்கிறார்கள், அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில். ஆசிரியர் கணக்கைப் போடுகிறார், மாணவர் தலையாட்டுகிறார், "புரிந்தது" என்று அடுத்ததற்குப் போகிறார். நான்கு மணி நேரம் ஓடியிருக்கும். கை பேனாவைத் தொட்டிருக்காது. அடுத்தவர் நீந்துவதைக் கரையில் நின்று பார்ப்பது மாதிரிதான் இது. ஒரு மணி நேரம் வகுப்பு பார்த்தால், விடையை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் எழுத வேண்டும். இதைவிடக் குறைந்த விகிதத்தில் படித்துத் தேறுகிறவர்கள் உண்டு. அவர்களை நம்பித் திட்டம் போடக் கூடாது.

மூன்று மணி நேரத்தை வகுத்துப் பார்த்தால் ஏன் என்பது விளங்கும். இன்டரின் பெரும்பாலான பேப்பர்களில் 30 மதிப்பெண் சூழல் சார்ந்த கொள்குறி வினா, 70 மதிப்பெண் விரித்து எழுதுவது. எழுதும் பகுதியில் முதல் கேள்வி கட்டாயம், மீதி ஐந்தில் நான்கு. ஒவ்வொன்றும் 14 மதிப்பெண். கொள்குறிக்கு 45 நிமிடம் போனால் 135 நிமிடம் மிச்சம், கேள்விக்கு 27 நிமிடம். அந்த 27 நிமிடத்துக்குள் கணக்கைப் படித்து, படிவம் கோடு போட்டு, ஒர்க்கிங் நோட் (விடைக்கு வந்த படிகள்) எழுதி, கூட்டிச் சரிபார்த்து முடிக்க வேண்டும். வீட்டில் அதே கணக்குக்கு 50 நிமிடம் ஆகிறதென்றால் அவர் பாடம் படித்தவர்தான், தேர்வுக்குத் தயாரானவர் அல்ல. அந்த வேகத்தில் போனால் கடைசி இரண்டு கேள்வியைத் தொடவே முடியாது. 28 மதிப்பெண் அங்கேயே போய்விடும்.

தேர்வு 2 மணிக்கு என்றால் 1.45-க்கே வினாத்தாள் கைக்கு வரும். ஃபவுண்டேஷனின் மூன்றாம், நான்காம் பேப்பர் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இது உண்டு. இந்தக் கால் மணி நேரத்தில் விடையைக் கண்டுபிடிக்க முயலக் கூடாது. எந்தக் கேள்வியை விடுவது, எதை முதலில் எழுதுவது என்று முடிவெடுக்கத்தான் அந்த நேரம்.

கொள்குறி விடைகளை அவற்றுக்கான ஓ.எம்.ஆர். தாளில்தான் வட்டமிட வேண்டும்; விடைத்தாளுக்குள் எழுதினால் திருத்த மாட்டார்கள். உள்ளே குறித்து வைத்துக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்தில் வட்டமிடலாம் என்று விட்டு, மணி அடித்து, 30 மதிப்பெண்ணையும் இழந்தவர்கள் உண்டு. இன்டரில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஒன்றைக்கூட விடாமல் வட்டமிடுங்கள்.

ஃபவுண்டேஷனில் கணிதமும் பொருளியலும் முழுக்கக் கொள்குறி; ஒரு தவறுக்குக் கால் மதிப்பெண் போகும். "தெரியாததை விட்டுவிடு" என்றுதான் பல ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் அது முழு உண்மையில்லை. நான்கில் இரண்டைத் தவறென்று தள்ள முடிந்தால், அப்படிப்பட்ட 16 கேள்விகளில் சராசரியாக 8 சரி, 8 தவறு; கிடைப்பது 8, போவது 2, மிச்சம் 6. ஒன்றைத்தான் தள்ள முடிகிறது என்றாலும் 12 கேள்விக்கு 4 சரி, 8 தவறு, மிச்சம் 2. ஒன்றையுமே தள்ள முடியாத கேள்வியை விட்டுவிடலாம். 44-க்கும் 50-க்கும் நடுவில் ஊசலாடுகிறவருக்கு இந்த ஆறு மதிப்பெண்தான் வாழ்வு.

இன்னொரு விதி, பலருக்கும் தெரியாதது: நான்கு கேள்விக்கு விடை கேட்டிருக்கையில் ஐந்தும் எழுதினால், முதலில் எழுதிய நான்கைத்தான் மதிப்பிடுவார்கள். நல்ல விடையைத் தேடி எடுத்து மதிப்பெண் தரமாட்டார்கள். பாதியில் சிக்கிய விடையைக் கைவிட்டு வேறொன்று எழுதினால், சிக்கியதைக் குறுக்கே கோடிட்டுத் தெளிவாக அடித்துவிட வேண்டும். கேள்வியின் உட்பிரிவுகளை ஆளுக்கொரு பக்கமாகச் சிதறவிடவும் கூடாது.

சட்டம், தணிக்கை இரண்டிலும்தான் 36, 38 என்று வந்து நிற்பவர்கள் அதிகம். கதை மாதிரி எழுதுவதுதான் காரணம். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு கம்பெனியின் தணிக்கையாளராக நியமிக்கப்படுகிறார். அவர் மனைவியிடம் அந்தக் கம்பெனியின் 9,000 பங்குகள் இருக்கின்றன. முகமதிப்பு 10 ரூபாய், சந்தை விலை 16 ரூபாய். நியமனம் செல்லுமா? அவசரக்காரர் 9,000-ஐ 16-ஆல் பெருக்கி, 1,44,000 வந்ததும், "ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது, செல்லாது" என்று முடித்துவிடுவார். நான்கு வரி, மதிப்பெண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்.

எழுத வேண்டிய முறை வேறு. முதலில் சட்டம்: கம்பெனிகள் சட்டம் 2013-ன் 141-ஆவது பிரிவின்படி தணிக்கையாளரோ அவர் கூட்டாளியோ அந்தக் கம்பெனியின் பங்கு ஒன்றைக்கூட வைத்திருக்கக் கூடாது, உறவினர் மட்டும் முகமதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மிகாமல் வைத்திருக்கலாம். அடுத்து நடந்தது: மனைவி சட்டப்படி உறவினர், 9,000 பங்கின் முகமதிப்பு 90,000, சந்தை விலைக்கு இங்கே வேலையில்லை. பிறகு முடிவு: தகுதியிழப்பு இல்லை, நியமனம் செல்லும். கூடவே ஒரு வரி, பின்னாளில் மனைவியின் பங்கு வரம்பைத் தாண்டினால் 60 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று. மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி. முடிவில் தவறினால்கூட சட்டத்தைச் சரியாகச் சொன்னதற்குப் பங்கு மதிப்பெண் கிடைக்கும். முடிவை மட்டும் எழுதியவருக்கு விழுந்தால் எல்லாம் விழுந்தது. பிரிவு எண் உறுதியாகத் தெரியாவிட்டால் "கம்பெனிகள் சட்டத்தின்படி" என்றே தொடங்கலாம். 141-க்குப் பதில் 143 என்று எழுதி வைப்பதைவிட அது மேல்.

தணிக்கையில் சொல்லுக்குத்தான் மதிப்பெண். "சஃபிஷியன்ட் அப்ரோப்ரியேட் ஆடிட் எவிடன்ஸ்" என்ற தொடரில் முதல் சொல் சான்றின் அளவையும் இரண்டாவது அதன் தரத்தையும் குறிக்கும். "புரூஃப் போதுமான அளவு இருக்க வேண்டும்" என்று எழுதினால் பாதிதான் சொன்னதாகும். தரநிலைகளில் வரும் இப்படிப்பட்ட தொடர்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். மனப்பாடம் என்றால் இப்போது எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். தணிக்கை பேப்பருக்கு அது தேவை.

இங்கேதான் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளின் பிரச்சினை வருகிறது. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் எழுதலாம். பிளஸ் டூவில் பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு என்று தெளிவாகப் படித்த பிள்ளை கணக்கில் தடுமாறுவதில்லை; சொற்களை மாற்றிப் பழக ஒரு மாதம் போதும். தடுமாறுவது சட்டத்தில். அதுவும் கடினமான சொற்களில் அல்ல, எளிய சொற்களில். "ஷல்" என்றால் கட்டாயம், "மே" என்றால் செய்யலாம் என்ற அனுமதி. "நாட் எக்ஸீடிங் ஒன் லேக்" என்றால் ஒரு லட்சமும் அடங்கும். "லெஸ் தன் ஒன் லேக்" என்றால் 99,999-தான். "நாட் லெஸ் தன்" என்பதை அவசரத்தில் "குறைவு" என்று படித்து விடையையே தலைகீழாக எழுதுகிறவர்கள் ஏராளம். "குறையாமல்" என்று மனதில் தமிழில் சொல்லிப் பார்த்தால் பிழை வராது. "நாட்வித்ஸ்டாண்டிங்" என்று தொடங்கினால் "மற்ற இடத்தில் என்ன சொல்லியிருந்தாலும் சரி" என்று பொருள். இப்படி ஒரு முப்பது நாற்பது சொல் பிடிபட்டால் சட்டப் புத்தகத்தின் பாதிப் பயம் போய்விடும். பிறகு தினம் ஒரு சட்ட விடை, பன்னிரண்டு வரி, கையால். அழகான ஆங்கிலம் வேண்டாம்; சின்னச் சின்ன வாக்கியம் போதும். நான்கு மாதம் விடாமல் எழுதினால் 120 விடை சேர்ந்திருக்கும்.

தமிழில் தேர்வு வேண்டும் என்பது நெடிய கோரிக்கை. அது ஒருபுறம் இருக்கட்டும். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் ஃபவுண்டேஷன் பாடங்களுக்கு ஒரு தமிழ்ச் சொற்பட்டியலையாவது தன் செலவில் வெளியிடலாம்.

கணக்கு, காஸ்டிங் பேப்பர்களில் ஒர்க்கிங் நோட்டும் விடையின் பகுதியே. கால்குலேட்டரில் தட்டி விடையை மட்டும் எழுதினால், முதல் படியில் ஒரு பூஜ்யம் தவறினாலும் 14-ம் போகும். படிகள் தாளில் இருந்தால் தவறிய படிக்கு மட்டும் குறையும். கால்குலேட்டர் சாதாரணமானதாக இருக்க வேண்டும்: 12 இலக்கம், 6 செயல், 2 நினைவகத்துக்கு மேல் கூடாது. அதிலேயே நிறைய வேலை வாங்கலாம். பின்னாளில் வரும் பணத்தின் இன்றைய மதிப்பைக் காண 12 சதவீதக் கழிவுக் காரணி மூன்றாண்டுக்கு வேண்டுமென்றால், 1 வகுத்தல் 1.12 அழுத்திச் சமக்குறியை மூன்று முறை தட்டினால் 0.8929, 0.7972, 0.7118 என வரிசையாக வரும், பிறகு ஜி.டி. பொத்தானை அழுத்தினால் மூன்றின் கூட்டுத்தொகை 2.4018. ஒரே கால்குலேட்டரில் ஆண்டு முழுக்கப் பழகுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் புதிது வாங்காதீர்கள்.

புத்தகம் என்று வந்தால் கழகத்தின் பாடநூலே போதும், அதன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நேரலை வகுப்புகளும் இலவசமே. அத்துடன் ஒவ்வொரு தேர்வுக்கும் முன்பு வெளியாகும் திருப்புதல் தாளான ஆர்.டி.பி., மாதிரித் தேர்வான எம்.டி.பி., பழைய வினாத்தாள்களின் பரிந்துரை விடைகள். இந்த மூன்றையும் கடைசி வாரம் புரட்டிப் பார்க்கும் பொருளாக வைத்திருப்பதுதான் தவறு. தேர்வுக்கு 45 நாள் இருக்கும்போது பேப்பருக்கு இரண்டு மாதிரித் தேர்வு, மதியம் 2 முதல் 5 வரை, கடிகாரம் வைத்து, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு எழுத வேண்டும். பிறகு பரிந்துரை விடையைப் பக்கத்தில் வைத்துச் சிவப்பு மையால் தானே திருத்த வேண்டும். தன் தாளைத் தானே திருத்துவது யாருக்கும் பிடிக்காது. மதிப்பெண் எங்கே கசிகிறது என்று அப்போதுதான் தெரியும்.

அண்ணன், அக்கா படித்த பழைய வரிப் புத்தகத்தை வைத்துப் படிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவுகள் 536, எண்கள் எல்லாம் மாறிவிட்டன. ஊர் அறிந்த 80சி இனி 123. "முந்தைய ஆண்டு", "மதிப்பீட்டு ஆண்டு" இரண்டும் போய் "வரி ஆண்டு" வந்துவிட்டது. எந்தத் தேர்வுக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதி வரையிலான திருத்தம் என்பதைக் கழகம் அறிவிக்கும். அதைப் பார்க்காமல் முதல் பக்கத்தைக்கூடத் திறக்க வேண்டாம்.

தேர்வுகளுக்கு நடுவே பெரும்பாலும் ஒரு நாள்தான் இடைவெளி. ஒரு பேப்பரை முழுக்கத் திருப்பிப் பார்க்க ஒன்றரை நாள். அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் மூன்று தொகுதிப் புத்தகத்தை ஒன்றரை நாளில் யாரும் படிக்க முடியாது. முதல் வாசிப்பிலேயே ஒவ்வொரு கணக்குக்கும் ஓரத்தில் குறியிட்டு வர வேண்டும்: இனி தொட வேண்டாதது, ஒருமுறை பார்த்தால் போதுமானது, மறுபடி கையால் போட வேண்டியது. இரண்டாம் வாசிப்பில் மூன்றாம் வகை பாதியாக வேண்டும். கடைசி ஒன்றரை நாளில் ஐம்பது அறுபது கணக்குக்கு மேல் மிச்சமிருந்தால் குறியிட்டது சரியில்லை என்று பொருள்.

கடைசி நிலையான ஃபைனல் பற்றிச் சுருக்கமாக. இன்டரின் இரண்டு குரூப்பும் முடித்த பிறகே ஆர்டிக்கிள்ஷிப் என்னும் இரண்டாண்டு அலுவலகப் பயிற்சி. அது முடிந்து ஆறு மாதம் கழித்தே ஃபைனல். அந்த ஆறு மாதத்தில் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலகக் காலத்தை விட்டுவிட்டால் பிடிப்பது கஷ்டம். இணையவழித் தொகுதித் தேர்வுகள் நான்கையும் பயிற்சிக் காலத்திலேயே முடித்துவிட வேண்டும். அவற்றில் தேர்ச்சிக்கு 50 சதவீதம். ஃபைனலின் ஆறாவது பேப்பர் புத்தகம் பார்த்து எழுதும் நான்கு மணி நேரத் தேர்வு. "புத்தகம்தான் இருக்கிறதே" என்று போகிறவர் முதல் ஒரு மணி நேரத்தைப் பக்கம் தேடுவதிலேயே கழிப்பார்.

தோற்றவர்களுக்கு ஒன்று. மதிப்பெண் சரிபார்ப்பு என்பது கூட்டல் பிழைக்கும் திருத்தாமல் விட்ட விடைக்கும்தான், மறுமதிப்பீடு கிடையாது. ஆனால் திருத்திய விடைத்தாளின் நகலை வாங்கலாம். 38 வாங்கிய பேப்பரின் நகலைப் பரிந்துரை விடையோடு ஒப்பிட்டு ஒரு நாள் செலவழித்தால், அடுத்த நான்கு மாதம் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். வேறு பயிற்சி நிலையம் மாறுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள் என்று பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முதலிடம் பிடித்தவரைப் பேட்டி எடுக்கும் செய்தியாளர், எத்தனை மணி நேரம் படித்தார் என்று கேட்பதோடு, எத்தனை மாதிரித் தேர்வை முழுசாக மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினார், தன் தாளைத் தானே திருத்தினாரா என்றும் கேட்கட்டும். முடிந்தால் அவர் எழுதிய ஒரு சட்ட விடையின் படத்தை, லட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போடுங்கள்.

கடிதம் நீளம்தான். இடம் போதாவிட்டால் குரூப் கூட்டுத்தொகைக் கணக்கையும் ஓ.எம்.ஆர். பத்தியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சி.ஏ. பாட ஆசிரியர்கள் சிலர்,
திருச்சி.